பால் கட்டிய மார்பைப் பிசையாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் ஞாயிறு மகளிர் பக்கத்தில், பிள்ளை பெற்ற பெண்களுக்கு மார்பில் ஏற்படும் வீக்கம் பற்றி அண்மையில் வெளிவந்த குறிப்பை வாசித்தேன். பால் கட்டினால் சூடான துவாயால் ஒத்தடம் கொடுக்க வேண்டும், கட்டு உடையும்வரை அழுத்திப் பிசைய வேண்டும், காய்ச்சல் தணியும்வரை அந்த மார்பில் பால் கொடுப்பதை நிறுத்தி வைக்க வேண்டும் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. இவற்றுள் கடைசி அறிவுரை எக்காலத்திலும் பிழையானது. முதல் இரண்டும் ஒரு காலத்தில் எங்களைப் போன்றவர்களே வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தவை. இப்போது மருத்துவ உலகம் கைவிட்டு வருபவை. அந்தக் குறிப்பை வாசித்துவிட்டு எத்தனை வீடுகளில் சூட்டு ஒத்தடத்துக்காக அடுப்பில் உப்பு வறுத்திருப்பார்களோ என்ற கவலையிலேயே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிராமங்களில் குடும்ப நல உத்தியோகத்தராக நீண்ட காலம் கடமையாற்றி ஓய்வுபெற்றவள். பிரசவம் முடிந்து வீடு திரும்பிய தாயை முதல் பத்து நாட்களுக்குள் இரண்டு தடவை போய்ப் பார்ப்பது எங்கள் கடமை. ஆனால் மார்பு சிவந்து வீங்கி நோகும் இந்த மார்பு அழற்சி பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது வாரங்களில், அதாவது நாங்கள் அடிக்கடி போய்வரும் நாட்கள் கடந்து, வீட்டிலுள்ள பெரியவர்களின் கைப்பக்குவத்தில் தாய் இருக்கும் வேளையில்தான் தலைகாட்டுகிறது. ஆகவே ஒரு தாய்க்கு முதலில் கிடைக்கும் வைத்தியம் அவளுடைய தாயோ மாமியோ செய்யும் வைத்தியமாகவே இருக்கிறது. இந்தக் கடிதத்தை நான் முக்கியமாக அவர்களுக்கே எழுதுகிறேன்.

சென்ற வருடம் மாரி ஓய்ந்த தை மாதத்தில் ஒருநாள், மண்டூர்ப் பக்கத்திலிருந்து எனக்குப் பழக்கமான ஒரு தாய் தொலைபேசியில் அழைத்து, மகளுக்குப் பால் கட்டிக் காய்ச்சல் காய்கிறது என்றார். போய்ப் பார்த்தேன். பிள்ளை பிறந்து பதினேழாம் நாள். அடுப்பில் ஓட்டுச் சட்டியில் உப்பு வறுபட்டுக்கொண்டிருந்தது. அதை முடிந்து ஒற்றுவதற்குப் பழைய சேலைத் துண்டு பக்கத்தில் கிடந்தது. அந்தப் பெண்ணின் வலது மார்பின் வெளிப்புறம் ஆப்பு வடிவில் சிவந்து, தொட்டால் அனல் அடிப்பதுபோல் இருந்தது. அந்தச் சிவப்பின் மேலே, நீலம் பாரித்த நான்கு விரல் தடங்கள். யார் இப்படி அழுத்தியது என்று கேட்டேன். “நான்தான் மிஸி. கட்டு உடையுமட்டும் பிசையச் சொல்லி, எனக்கு மூத்தவள் பிறந்த நேரம் நீங்கதானே சொல்லித் தந்தீங்க” என்றார் அந்தத் தாய். அந்த மூத்தவள்தான் அப்போது என் முன்னால் பாயில் படுத்திருந்தாள். அவர் சொன்னதில் பொய்யில்லை. அன்று எங்களுக்குக் கற்பிக்கப்பட்டது அதுதான். அதை நான் நம்பிக் கற்பித்தேன்.

நாங்கள் எதைத் தவறாக விளங்கியிருந்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். மார்பில் ஒரு குழாய் இருக்கிறது, அதில் தக்கை இறுகியதுபோல் ஒரு பாற்கட்டி இருக்கிறது, அதைச் சூடாக்கிப் பிசைந்தால் இளகி வெளியே வந்துவிடும் என்று நினைத்திருந்தோம். உண்மையில் மார்பினுள்ளே பாற்குழாய்கள் மிக நுண்ணியனவாக, வேர்களைப் போல ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அழற்சி ஏற்படும்போது அவற்றைச் சுற்றியுள்ள இழையத்தில் நீர் கோத்து, குருதியோட்டம் கூடி, குழாய்கள் வெளியிலிருந்து நெருக்கப்படுகின்றன. கைக்குத் தட்டுப்படுவது பாற்கட்டியன்று, வீங்கிய இழையம். வீங்கிய இழையத்தை அழுத்திப் பிசைந்தால் அதிலுள்ள மிக நுண்ணிய குருதிக்குழாய்கள் நசிந்து வீக்கம் இன்னும் கூடும்; சுளுக்கி வீங்கிய கணுக்காலை யாரும் முறுக்கிப் பிசைவதில்லையே. இந்த விளக்கத்தின் அடிப்படையில், தாய்ப்பாலூட்டல் மருத்துவத்துக்கான சர்வதேச அமைப்பான அகாடமி ஒஃப் பிரெஸ்ட்பீடிங் மெடிசின், 2022ஆம் ஆண்டு வெளியிட்ட தனது 36ஆவது நெறிமுறையில், ஆழமாகப் பிசைவதையும், மார்பை முற்றாக வெறுமையாக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பப் பால் கறப்பதையும் கைவிடச் சொல்லியிருக்கிறது. சூட்டைப் பொறுத்தவரை, சில பெண்களுக்கு அது இதமாக இருக்கலாமே தவிர வீக்கத்தைக் குறைக்காது, கூட்டவும் கூடும் என்பதே இன்றைய கருத்து. உலக சுகாதார நிறுவனம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கையேடு பாலை நன்றாக வெளியேற்றுவதையே வலியுறுத்தியிருந்தது என்பதையும், பல வைத்தியர்களும் தாதியரும் அந்த வழியிலேயே பயின்றவர்கள் என்பதையும் நினைத்துப் பார்த்தால், பழைய அறிவுரையைச் சொல்பவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அறிந்த பிறகு மாற்றிக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பு.

அப்படியானால் வீட்டில் என்ன செய்யலாம்? முதலாவதாக, பிள்ளைக்கு வழக்கம்போல, அது கேட்கும்போதெல்லாம், இரண்டு மார்பிலும் பால் கொடுக்க வேண்டும். வீங்கிய பக்கத்தை நிறுத்தவும் கூடாது; அந்தப் பக்கத்தையே ஓயாமல் கொடுத்தும் பம்பு வைத்து இழுத்தும் வரட்டவும் கூடாது. எவ்வளவு பால் வெளியேறுகிறதோ அவ்வளவு பால் சுரக்க வேண்டும் என்றுதான் உடல் விளங்கிக்கொள்ளும். தேவைக்கு மேல் கறந்தால் தேவைக்கு மேல் சுரந்து, மறுநாள் மார்பு இன்னும் இறுகும். வீட்டுக்கு வீடு மின்சாரப் பம்பு வந்துவிட்ட இந்தக் காலத்தில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டாவதாக, ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி பத்து முதல் இருபது நிமிடம் வைக்கலாம். விரும்பினால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை வைக்கலாம். பிள்ளைப்பெற்றவளுக்குக் குளிர்ச்சி ஆகாது, சன்னி வரும் என்று நம் பெரியவர்கள் தடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த பத்தியத்தை நான் மதிக்கிறேன். ஆனால் மார்பின் மேல் வைக்கும் ஐஸ்கட்டியால் சன்னி வராது. கை வைத்தே தீரவேண்டுமென்றால், பச்சைப்பிள்ளையின் கன்னத்தைத் தடவும் அளவுக்கு மென்மையாக, மார்பிலிருந்து அக்குள் பக்கமாகவும் காறை எலும்புப் பக்கமாகவும் தோலை மட்டும் வருடிவிடலாம். அது நிணநீர் வடிய உதவும்.

நோவுக்கும் காய்ச்சலுக்கும் பரசிட்டமோல் கொடுக்கலாம். பாலூட்டும் தாய்க்கு அது பாதுகாப்பானது. அழற்சியைத் தணிப்பதில் அதைவிட நன்றாக வேலை செய்வது ஐபுபுரோஃபன். அதுவும் பால் வழியாகப் பிள்ளைக்கு மிகச் சொற்பமாகவே செல்கிறது. ஆனால் இந்த இடத்தில் எங்கள் மாவட்டத்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை இருக்கிறது. மாரி மழைக்குப் பின் இங்கு டெங்கு பரவுவது வழக்கம். தாய்க்குக் காய்ச்சல் என்றதும் அது மார்பினால் வந்த காய்ச்சல்தான் என்று நாமே முடிவுகட்டி ஐபுபுரோஃபன் வாங்கிக் கொடுத்து, அது டெங்குவாக இருந்துவிட்டால், குருதிக்கசிவு ஏற்படும் ஆபத்து உண்டு. மாரி காலத்தில் காய்ச்சலுடன் இருக்கும் தாய்க்கு, வைத்தியர் பார்த்துச் சொல்லும்வரை பரசிட்டமோலைத் தவிர வேறெதையும் கொடுக்காதீர்கள். வயிற்றுப்புண், சிறுநீரக நோய், ஆஸ்துமா உள்ளவர்களும் கேட்காமல் ஐபுபுரோஃபன் எடுக்கக் கூடாது.

பால் கொடுப்பதை நிறுத்துவதைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் அன்று நான் கண்டதில் என்னை அதிகம் வருத்தியது விரல் தடங்களைவிட இதுதான். காய்ச்சற்பால் பிள்ளைக்கு ஆகாது என்று வீட்டார் சொன்னதால், அந்தப் பெண் இரண்டு நாளாக வலது மார்பைக் கொடுக்கவில்லை. பிள்ளைக்குப் போத்தலில் மாப்பால் கரைத்துக் கொடுத்திருந்தார்கள். அவளை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போவதற்காக மண்டூர்த் துறையடியில் வாவியைக் கடக்கும் பாதைப் படகுக்காகக் காத்திருந்தபோது, ஒரு மரத்தடியில் என் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொடுத்து, பிள்ளையை அந்த மார்பில் விடச் சொன்னேன். காம்பை மட்டும் கவ்வவிடாமல், காம்பைச் சுற்றியுள்ள கருமையான பகுதியும் வாய்க்குள் போகுமாறு, பிள்ளையின் முகவாய் மார்பில் முட்டும்படி அணைத்துப் பிடித்தோம். பிள்ளை முதலில் முகத்தைச் சுழித்தது. அழற்சியுள்ள மார்பின் பாலில் சோடியம் கூடியிருப்பதால் சற்று உவர்க்கும். அதனால் சில பிள்ளைகள் மறுக்கும். மறுத்துவிட்டது என்பதற்காகப் பால் கெட்டுவிட்டது என்று நினைக்கக் கூடாது. மூன்றாந் தரம் விட்டபோது குடிக்கத் தொடங்கியது. பாதை குருமண்வெளியைச் சேர்வதற்குள் பிள்ளை உறங்கிவிட்டது. மார்பழற்சி உள்ள தாயின் பால் பிள்ளைக்குத் தீங்கு செய்வதில்லை. கிருமித்தொற்று இருந்தாலும் அப்படித்தான். திடீரென்று நிறுத்துவதுதான் பாலைத் தேங்கவைத்துச் சீழ்க்கட்டிக்கு வழிவிடும். மல்லிகைப்பூ வைத்துக் கட்டும் வழக்கமும் நம்மிடம் உண்டு. அது பால் வற்றுவதற்காகச் செய்யப்படுவது. பால் கொடுக்க விரும்பும் தாய்க்கு அதைச் செய்யாதீர்கள்.

இவ்வளவும் செய்து ஒரு நாள் கழிந்தும் காய்ச்சலும் சிவப்பும் தணியாவிட்டால், அல்லது தொடக்கத்திலிருந்தே நடுக்கத்துடன் கடுங்காய்ச்சல் காய்ந்தால், பக்டீரியாத் தொற்று என்று கருதி மருந்து தொடங்க வேண்டும். பெரும்பாலும் அதற்குக் காரணம் நம் தோலிலும் மூக்கிலும் சாதாரணமாக வாழும் ஸ்டெபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற கிருமி. அதற்கு வைத்தியர்கள் முதலில் எழுதுவது புளுகுளொக்ஸசிலின் அல்லது குளொக்ஸசிலின். வழக்கமான அளவு 500 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, 10 முதல் 14 நாட்கள். செபலெக்சினும் கொடுக்கப்படுகிறது. பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்கு எரித்ரோமைசின், கிளிண்டமைசின் போன்றவை உண்டு. ஆகவே முன்பு எந்த மருந்தாவது ஒவ்வாமல் உடல் தடித்திருந்தால் அதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இவை எல்லாம் பாலூட்டிக்கொண்டே எடுக்கக்கூடியவை. பிள்ளைக்குச் சற்று வயிற்றோட்டம் வரலாம், வாயில் வெண்படலம் படியலாம். அதற்காக மருந்தையோ பாலையோ நிறுத்த வேண்டியதில்லை, வைத்தியரிடம் காட்டினால் போதும். நான் கண்டு கண்டு சலித்த தவறு, மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் மிச்ச மாத்திரைகளை அலுமாரியில் வைத்துவிடுவதும், அடுத்த தடவை பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அவற்றை எடுத்துக் கொடுப்பதும். பாமசியில் போய் “பால் கட்டுக்குக் குளிசை தாங்க” என்று நான்கு குளிசை வாங்குவதும் இதே வகைதான். அதேபோல, காய்ச்சலில்லாத, ஒரு நாளில் தணிகிற வெறும் வீக்கத்துக்கு நுண்ணுயிர்க்கொல்லி தேவையுமில்லை.

மருந்து தொடங்கி 48 மணித்தியாலத்தில் தெளிவான மாற்றம் இல்லாவிட்டால் உள்ளே சீழ் கட்டியிருக்கிறதா என்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும்; பாலை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்றும் அறியலாம். மார்பழற்சி வந்த பெண்களில் 3 முதல் 11 சதவீதம் வரையானோருக்குச் சீழ்க்கட்டி ஏற்படுவதாகக் கணிக்கப்பட்டுள்ளது. கட்டி என்றதும் கத்திதான் என்று பயந்து பெண்கள் ஒளிப்பதை நான் எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். இன்று பெரும்பாலான கட்டிகளுக்கு, தோலை மரக்கச் செய்துவிட்டு, ஸ்கேனில் பார்த்தபடியே ஊசியால் சீழை உறிஞ்சி எடுப்பதே முதற் சிகிச்சை. ஒரு தடவையில் முடியாவிட்டால் சில நாள் இடைவெளியில் மீண்டும் செய்வார்கள். கட்டி பெரிதாகி, மேலே தோல் மெலிந்து கறுத்துவிட்டால், அல்லது ஊசியால் எடுத்தும் திரும்பத் திரும்ப நிரம்பினால்தான் கீற வேண்டிவரும். மண்டூர்ப் பெண்ணுக்கு இரண்டு தடவை ஊசியால் எடுத்தார்கள். அவள் இன்றும் இரண்டு மார்பிலும் பால் கொடுக்கிறாள். இதற்கிடையில் தாய் மயங்கினாலோ, மூச்சும் நாடித்துடிப்பும் வேகமானாலோ, சிறுநீர் குறைந்தாலோ, கிருமி குருதியில் பரவியிருக்கலாம்; அந்நேரத்தில் முச்சக்கர வண்டி தேடிக்கொண்டிராமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சுவசெரிய அம்புலன்ஸை வரவழையுங்கள்.

பால் கொடுக்காத பெண்களுக்கும் மார்பழற்சி வரும் என்பது தங்கள் பக்கத்தில் வந்த குறிப்பில் ஒரு சொல்லேனும் இடம்பெறாதது பெருங்குறை. காம்பின் அடியிலுள்ள குழாய்களைச் சுற்றி வரும் ஒருவகை புகைபிடிப்பவர்களிடம் அதிகம். அதற்கு மெட்ரோனிடசோல் போன்ற மருந்தும் சேர்த்துக் கொடுக்கப்படும். சீனி வருத்தம் உள்ள பெண்களுக்கு மார்பில் கட்டி வந்தால் குருதிச் சீனியையும் கட்டுப்படுத்தினால்தான் ஆறும். இவற்றைவிட எனக்கு நினைவில் நிற்பது, அம்பாறைக் கரையோரக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த ஓர் இளந்தாயின் கதை. பிள்ளைக்கு மூன்று வயது; பால் மறந்து வெகுநாள். மார்பில் கல்லுப்போல் ஒரு தடிப்பு வந்து, தனியார் மருந்தகம் ஒன்றில் மூன்று தடவை அன்டிபயோடிக் கொடுத்து, இரண்டு தடவை கீறியும் விட்டார்கள். கீறிய இடமெல்லாம் புண்ணாக வாய் திறந்து வடிந்துகொண்டே இருந்தது. கடைசியில் இழையத் துண்டு எடுத்துப் பரிசோதித்தபோதுதான் அது கிரனுலோமட்டஸ் மார்பழற்சி என்று தெரிந்தது. 1972ஆம் ஆண்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்நோய், பிள்ளை பெற்ற சில வருடங்களுக்குள் வருவது. பார்வைக்குப் புற்றுநோயைப் போலவும் காசநோயைப் போலவும் இருப்பது. காசநோய் இல்லை என்று உறுதிசெய்த பின்பே ஸ்டீரொயிட் போன்ற மருந்துகளைத் தொடங்குவார்கள். ஏனெனில் காசநோய் இருக்கையில் ஸ்டீரொயிட் மட்டும் கொடுத்தால் நோய் கிளர்ந்தெழும். காசநோயென்றால் அதற்குரிய மருந்தை ஆறு மாதமாவது விடாமல் எடுக்க வேண்டும். சிலருக்குக் கிரனுலோமட்டஸ் அழற்சி மருந்தின்றியே மெல்ல மெல்லத் தணிவதும் உண்டு. வெட்டுவது அதற்கு முதல் வைத்தியமன்று. அந்தப் பெண்ணுக்கு ஆறுவதற்குப் பல மாதங்கள் பிடித்தன. தொடக்கத்திலேயே இழையப் பரிசோதனை செய்திருந்தால் அந்த இரண்டு வடுக்களும் இருந்திரா.

இனி நான் சொல்லப்போவதைப் பெண்கள் பயப்படாமல், ஆனால் மறக்காமல் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மார்பு முழுவதும் சில வாரங்களுக்குள் சிவந்து தடித்து, தோல் தோடம்பழத் தோலைப்போல் குழிகுழியாகி, காம்பு உள்ளே இழுபட்டு, காய்ச்சலும் இல்லாமல், நோவும் அதிகம் இல்லாமல் இருந்தால், அது அழற்சி வகைப் புற்றுநோயாக இருக்கலாம். புற்றுநோய்களில் அது அரிது. மார்பகப் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரை. ஆனால் மிக விரைவாகப் பரவுவது. அன்டிபயோடிக் ஒரு சுற்று எடுத்தும் சிவப்பு மாறாவிட்டால் இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று என்று நாள் கடத்தாமல் ஸ்கேனும் இழையப் பரிசோதனையும் கேளுங்கள். பாலூட்டும் தாய்க்கு வராது என்றும் இருந்துவிடக் கூடாது. இதற்கு முதலில் மருந்தேற்றி, பின்னர் சத்திரசிகிச்சை செய்து, அதன்பின் கதிர்ச்சிகிச்சை கொடுப்பார்கள். புற்றுநோய் வைத்தியசாலை இருக்கும் மகரகம வரை போகவேண்டுமே என்று தயங்குபவர்களுக்கு, மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலேயே புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது என்பதைச் சொல்லிவைக்கிறேன். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதிலும் 45 வயதிலும் மார்பைச் செலவின்றிப் பரிசோதித்துக்கொள்ளலாம். அங்கே கதிரைகள் காலியாகக் கிடப்பதை எண்ணி நான் பலநாள் வருந்தியிருக்கிறேன்.

வெட்கமும் இதில் ஒரு பெரும் தடை. தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும், ஆண் வைத்தியரிடம் மார்பைக் காட்டுவதற்குக் கூசி, ஓதிய நீரோடும் பூச்சுமருந்தோடும் நாட்களைக் கடத்துகிறார்கள். பெண் வைத்தியர் இருந்தால் அவரிடம் காட்டவும், இல்லாவிட்டால் பெண் தாதி ஒருவர் உடனிருக்கவும் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. கேட்டால் யாரும் கோபிக்கமாட்டார்கள். உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரின் தொலைபேசி இலக்கத்தை அவரிடமே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வாரத்தில் மார்பு நோகத் தொடங்கினால், சட்டியில் உப்பைப் போடுமுன் அவரைக் கூப்பிடுங்கள்.

ஆசிரியர் அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. முன்னைய குறிப்பு வந்த அதே மகளிர் பக்கத்தில், அதே அளவு இடத்தில், இதற்கான திருத்தத்தை ஒரு வைத்திய நிபுணரைக் கொண்டு எழுதுவித்து வெளியிடுங்கள். ஆகஸ்ட் முதல் வாரம் தாய்ப்பாலூட்டல் வாரமாகக் கொண்டாடப்படும்போது மேடைப் பேச்சுகளோடு நின்றுவிடாமல், கர்ப்பிணித் தாய்மாருக்கான வகுப்புகளுக்கும் தாய்மார் ஆதரவுக் குழுக்களுக்கும் அவர்களுடைய தாய்மாரையும் மாமிமாரையும் சேர்த்து அழைக்குமாறு மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய இரு மாவட்டச் சுகாதார அதிகாரிகளையும் கேட்டுக்கொள்கிறேன். நான் முன்பு கற்பித்ததைத் திருத்திச் சொல்வதற்கு எந்த வகுப்புக்கு அழைத்தாலும், வெல்லாவெளியாக இருந்தாலும் அக்கரைப்பற்றாக இருந்தாலும், வருவதற்கு ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடும்ப நல உத்தியோகத்தர் ஒருவர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.